கடல் மீனின் பெயரைப் பிழையின்றிப் பதிவு செய்வது எப்படி? கானாங்கெளுத்தியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிடைக்கும் மீன்களின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் தொகுத்துத் தரும் பணியை நான் ஏற்றுக்கொண்டபோது, ஓர் அகராதியும் இணைய இணைப்பும் இருந்தால் இரண்டு வாரங்களில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். ஐந்து மாதங்கள் ஆயின. முதல் வரைவில் கானாங்கெளுத்தியைக் கெளுத்தி மீன்களின் கீழே வைத்திருந்தேன். தூத்துக்குடிக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன ‘சீலா’வுக்கு நேராகப் பாரகுடா என்று எழுதியிருந்தேன். இரண்டும் தவறு. அச்சுக்குப் போகும் முன் ஒரு மீனவர் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டதால்தான் பிழைகள் வெளிப்பட்டன. அதன் பிறகு அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

மாணவராகவோ, மொழிபெயர்ப்பாளராகவோ, கட்டுரை எழுதுபவராகவோ நீங்கள் இதே வேலையில் இறங்குவதாக இருந்தால், அந்த ஐந்து மாதங்கள் உங்களுக்கு வேண்டாம். எங்கும் எளிதில் கிடைக்கும் கானாங்கெளுத்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு மீனின் பெயரை உறுதி செய்யும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். மற்ற மீன்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. பெயரை விட்டுவிட்டு மீனைக் கையில் எடுங்கள்

பெரும்பாலான பிழைகள் ஒரு பெயரை இன்னொரு பெயராக மாற்றும்போது நேர்கின்றன. ஒரு தமிழ்ப் பெயரைத் தேடுபெட்டியில் இட்டு, வந்த ஆங்கிலப் பெயரை எடுத்து, அதற்கு மீண்டும் ஓர் அறிவியல் பெயரைத் தேடிச் சேர்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. இந்தச் சங்கிலியில் மீன் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கானாங்கெளுத்தி என்ற பெயரில் கெளுத்தி இருக்கிறது. ஆனால் அந்த மீன் கெளுத்தி இனம் அன்று. அது சூரை, வஞ்சிரம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னைப் பக்கம் கானாங்கத்தை என்றும், கன்னியாகுமரிப் பக்கம் அயிலை என்றும், இலங்கைத் தமிழர் வழக்கில் கும்பளா என்றும் சொல்லப்படுவது இந்த ஒரே மீன்தான். அயிலையை அயிரை என்று படித்துவிடாதீர்கள். அயிரை ஆற்றிலும் குளத்திலும் வாழும் விரலளவு நன்னீர் மீன். மும்பையில் கானாங்கெளுத்திக்குப் பாங்டா என்று பெயர். அந்த ஒலியை நம்பி அதை நம்முடைய வங்கடையோடு சேர்த்துவிட்டால் அடுத்த பிழை. வங்கடை பாரைக் குடும்பத்து மீன்.

ஆங்கிலப் பெயர்கள் இதைவிட நம்பகமானவை என்று எண்ண வேண்டாம். இந்தியன் மேக்கரல் என்பது கானாங்கெளுத்தி, ஸ்பானிஷ் மேக்கரல் என்பது வஞ்சிரத்தின் இனம், ஹார்ஸ் மேக்கரல் என்று இந்தியாவில் எழுதப்படுவது வங்கடை. இந்தியன் சால்மன் என்று விற்கப்படும் காலா மீனுக்கும் சால்மன் குடும்பத்துக்கும் தொடர்பே இல்லை. கறுப்பு வவ்வாலும் அப்படித்தான்: பெயரிலும் தோற்றத்திலும் வெள்ளை வவ்வாலோடு ஒத்திருந்தாலும், அது பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

எனவே முதல் விதி இது: மீனைப் பார்க்காமல் எந்த வரியையும் நிரப்பாதீர்கள். பார்க்க வாய்ப்பில்லாத மீனுக்கு அட்டவணையில் வெற்றிடம் விடுங்கள். வெற்றிடத்தைப் பின்னால் நிரப்பிக்கொள்ளலாம். தவறாக நிரப்பிய கட்டத்தை அடுத்தவர் படியெடுத்துக்கொண்டு போய்விடுவார்.

2. நாளையும் நேரத்தையும் முன்கூட்டித் தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்கள் கிடைக்கும் என்றாலும் வகை குறைந்துவிடும். சந்தைக்கு வருவதில் கணிசமான பங்கு வெளிமாநிலத்திலிருந்து பனிக்கட்டியில் வந்ததாக இருக்கும். அந்த மீனைப் பார்த்து “இந்த ஊரில் பிடிபட்டது” என்று எழுதிவிட்டால் உங்கள் பதிவின் இடக்குறிப்பே பொய்யாகிவிடும். தடைக்காலத்தில் கோடை விடுமுறை வருவதால் மாணவர்கள் பலர் சரியாக இந்த நாட்களில்தான் கிளம்பிப் போகிறார்கள். தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள்.

கரைக்கு விடியற்காலையில் போய்ச் சேருங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள், பேசச் சொல்வதும் முறையன்று. ஏலம் முடிந்து கூடைகள் பிரிந்த பிறகுதான் கேள்விகளுக்கு நேரம் கிடைக்கும். மீன்பிடித் துறைமுகங்களின் வாயிலில் அடையாள அட்டை கேட்கப்படலாம் என்பதால் அதையும், மாணவராக இருந்தால் துறைத்தலைவர் கையொப்பமிட்ட அறிமுகக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். படகுகளையும் மனிதர்களையும் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். நான் கேட்காமல் எடுத்த நாளன்று எனக்கு ஒருவரும் ஒரு பெயரும் சொல்லவில்லை.

3. இரண்டு மீன்கள் வாங்குங்கள், உடனே படமெடுங்கள்

ஒரே மீனை வாங்கிவிட்டு, அதன் வால் நசுங்கியிருப்பதை வீட்டில் வந்து பார்ப்பது வீண் அலைச்சல். துடுப்புகள் கிழியாத, செவுள் மூடி உடையாத இரண்டு மீன்களை விலை கொடுத்தே வாங்குங்கள். பணம் கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் பொறுமை வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கிடைப்பதில்லை. கானாங்கெளுத்தி போன்ற மலிவான மீனில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வஞ்சிரத்தில் பயிற்சி எடுத்தால் செலவு பல மடங்காகும்.

மீனின் நிறம் நேரத்தோடு மாறிவிடும் என்பதைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். கானாங்கெளுத்தியின் மேல்பாதியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய பட்டைகள், மீன் புதிதாக இருக்கும்போது பொன்னிறமாக மின்னும். பிறகு அவையே கறுத்துவிடும். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் இரண்டு வேறு மீன்கள் என்று தோன்றும். ஆகவே வாங்கிய இடத்திலேயே, தலை இடப்பக்கம் இருக்கும்படி கிடத்தி, பக்கத்தில் அளவுகோலை வைத்து, துடுப்புகளை விரித்துப் பிடித்து, முழு உடலுக்கு ஒரு படமும், தலைக்கு ஒன்றும், வாலடிக்கு ஒன்றும், வாயைத் திறந்து ஒன்றும் எடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை எழுதிய சீட்டு படத்திலும் தெரியும்படி வையுங்கள். எண் இல்லாத படங்கள் ஒரு வாரம் கழித்து எதற்கும் உதவா.

மீனைப் பனிக்கட்டியிலேயே வைத்திருங்கள். இந்தக் குடும்பத்து மீன்கள் குளிரில்லாமல் சில மணி நேரம் கிடந்தால், உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சு விளைவைத் தரும் ஹிஸ்டமின் அவற்றில் உண்டாகும். சமைத்தாலும் அது அழியாது. ஆய்ந்து முடித்த மீனை உண்ணும் எண்ணமிருந்தால் இதை மறக்க வேண்டாம்.

4. பெயரைக் கேட்கும் முறை

“இது கானாங்கெளுத்திதானே?” என்று கேட்டால், பெரும்பாலும் “ஆமாம்” என்ற பதில்தான் வரும். வந்தவரின் மனம் கோணக்கூடாது என்ற மரியாதையால் வரும் விடை அது. “அண்ணே, இதுக்கு இங்க என்ன பேரு?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மீன் விற்கும் அக்காமார்களிடமும் தனியே கேளுங்கள்; கடலுக்குப் போகிறவர் சொல்லும் பெயரும் விற்பவர் வாங்குவோரிடம் சொல்லும் பெயரும் வேறாக இருப்பதுண்டு. குறைந்தது மூவரிடம், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காத இடத்தில் விசாரியுங்கள். இதே மீன் சிறிதாக இருந்தால் வேறு பெயர் உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

சொல்லப்பட்டதைச் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ‘திருத்தமாக’ மாற்றி எழுதும் ஆசை எனக்கும் இருந்தது; அதனால் சில நல்ல வட்டாரப் பெயர்களை இழந்தேன். ழகரமா ளகரமா என்று ஐயம் இருந்தால் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அச்சில் கானாங்கெளுத்தி என்றும் காணாங்கெளுத்தி என்றும் இரண்டு வடிவங்களையும் காணலாம். ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதை மாற்று வடிவமாகக் குறித்தால் போதும்.

பெயருக்கு அருகே ஊரை எழுதாமல் விடவே கூடாது. எனக்கு நேர்ந்த சீலாக் குழப்பம் இதனால்தான் வந்தது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் சீலா என்றால் வஞ்சிரம். கன்னியாகுமரியில் அதற்கு நெய்மீன் என்று பெயர். இலங்கைத் தமிழர் அறக்குளா என்பார்கள். சென்னைச் சந்தையில் ஷீலா என்று சொன்னால் நீண்ட தாடையும் கூரிய பற்களும் கொண்ட பாரகுடாவைக் காட்டுவார்கள்; அதை ஊழி, ஊளி என்றும் சொல்வதுண்டு. ஊர் குறிக்கப்படாத ‘சீலா’ என்ற சொல் உங்கள் அட்டவணையில் எதையும் குறிக்காது. மீன் கையில் இருந்தால் ஒரு நொடியில் தெளிவாகிவிடும்: வஞ்சிரத்தின் முதுகிலும் அடியிலும் வாலை ஒட்டி வரிசையாகச் சிறுதுடுப்புகள் இருக்கும், பாரகுடாவுக்கு அவை இல்லை, அதன் இரண்டு முதுகுத் துடுப்புகளும் வெகு தூரம் விலகி நிற்கும்.

5. உடலை அளந்தும் எண்ணியும் சரிபாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அளவுகோல், ஊசி முனையுள்ள ஒரு கவராயம், கத்தரிக்கோல், கைவிளக்கு, உருப்பெருக்கி ஆகியவை போதும். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் மீன் அடையாளக் கையேடுகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளும் அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல் வாங்குவதற்கென்று முதலிலேயே செலவு செய்ய வேண்டியதில்லை.

முதலில் குடும்பத்தைத் தீர்மானியுங்கள். வாயைச் சுற்றி மீசை இருக்கிறதா? செதில் இல்லாத வழவழப்பான தோலா? முதுகுத் துடுப்பின் முன்னே இரம்பப் பல் போன்ற விளிம்புடைய வலிய முள் இருக்கிறதா? இவை கெளுத்தியின் அடையாளங்கள். கானாங்கெளுத்தியில் இவற்றில் ஒன்றும் இராது. அதற்கு மாறாக, இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் ஐந்து சிறுதுடுப்புகளும், அடிப்புறத்தில் மலத்துளைத் துடுப்புக்குப் பின்னால் ஐந்து சிறுதுடுப்புகளும் தெளிவாக எண்ணக் கிடைக்கும். வாலடியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிறிய வரம்புகள் (நீளவாக்கில் புடைத்த மேடுகள்) இருக்கும். வஞ்சிரத்தில் அவற்றுக்கு நடுவே பெரிய வரம்பு ஒன்றும் உண்டு, கானாங்கெளுத்தியில் அது இல்லை.

வங்கடையிலும் சிறுதுடுப்புகள் உள்ளதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். விரலை வால் பக்கத்திலிருந்து தலை நோக்கி உடலின் நடுக்கோட்டில் நகர்த்திப் பாருங்கள். வங்கடையில் கடினமான தகடுச் செதில்கள் விரலில் தட்டுப்படும், சிறுதுடுப்புகளும் ஐந்துக்கு மேல் இருக்கும். கானாங்கெளுத்தியின் உடல் வழுவழுப்பாக இருக்கும்.

குடும்பம் உறுதியானபின் இனத்துக்கு வாருங்கள். கானாங்கெளுத்தி அடங்கும் ராஸ்ட்ரெல்லிகர் பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) மூன்று இனங்கள் உள்ளன: கானாகுர்தா, பிராக்கிசோமா, ஃபௌக்னி. நம் கரைகளில் குவியல் குவியலாக வருவது கானாகுர்தா. இருந்தாலும் அப்படியே எழுதிவிடாமல் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முதலாவது, வாயை அகலத் திறந்தால் இறகு போன்ற நீண்ட செவுள் சீப்புகள் உள்ளே தெரிய வேண்டும். ஃபௌக்னியில் அவை குட்டையானவை, வாய் வழியே தெரியா. இரண்டாவது, மார்புத் துடுப்பின் கீழ் விளிம்பை ஒட்டி உடலில் ஒரு கறும்புள்ளி. மூன்றாவது, உடலின் விகிதம்.

விகிதத்தைக் கணக்கிட, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவுபடும் இடம் வரையுள்ள கவை நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, செவுள் மூடியின் விளிம்பில் உள்ள உடல் உயரத்தால் வகுக்க வேண்டும். கானாகுர்தாவில் விடை 4.3 முதல் 5.2 வரை அமையும். பிராக்கிசோமா அகலமான உடலுடையது, அதில் 3.7 முதல் 4.3 வரை. கவை நீளம் 230, உயரம் 50 என்றால் விடை 4.6; இது கானாகுர்தாவின் வரம்புக்குள் அடங்கும். இங்கே மிகச் சாதாரணமான ஒரு பிழை, வால் நுனி வரை அளந்த மொத்த நீளத்தை எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் விடை கூடி, இனமே மாறியது போலத் தோன்றும். எந்த நீளத்தை அளந்தீர்கள் என்பதை எண்ணின் அருகிலேயே எழுதுங்கள். கானாகுர்தா 35 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, வழக்கமாகக் கிடைப்பது 25 சென்டிமீட்டர் அளவில்; உங்கள் அளவு 50 என்று வந்தால் அளவையோ மீனையோ மீண்டும் பாருங்கள்.

6. அறிவியல் பெயரை முறையாக எழுதுங்கள்

மீன்களுக்கான இணையத் தரவுத்தளமான ஃபிஷ்பேஸ், கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடு ஆகிய இரண்டும் இலவசம். முன்னதில் படங்களும் அளவுகளும், பின்னதில் இன்று ஏற்கப்பட்ட பெயர் எது என்பதும் கிடைக்கும். பழைய நூல்களில் காணும் பெயரை நேரே படியெடுக்காமல், பதிவேட்டில் இட்டுப் பார்த்து, தற்போதைய பெயரையும் பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மீன்களின் அறிவியல் பெயர்கள் ஆய்வுகளால் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்தத் தளங்களில் தமிழ்ப் பெயர்கள் உரோமன் எழுத்தில் தரப்பட்டிருக்கும். அவற்றைத் திரும்பத் தமிழாக்குவதில்தான் புதுப்புதுப் பெயர்கள் பிறந்து பரவுகின்றன. உரோமன் எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மறைந்துவிடுவதால், நான்காம் படியில் நீங்கள் காதால் கேட்ட பெயரோடு ஒத்துப்போனால் மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

அடைப்புக்குறியை அலட்சியம் செய்யாதீர்கள். கானாங்கெளுத்தியின் பெயர் ‘ராஸ்ட்ரெல்லிகர் கானாகுர்தா (குவியே, 1816)’ என்று அடைப்புக்குறியோடு வரும். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1816-இல் பெயரிட்டபோது இதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பது அதன் பொருள். மத்தியின் பெயரோ ‘சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் வலென்சியென், 1847’ என்று அடைப்புக்குறி இல்லாமல் வரும், ஏனெனில் அதன் பேரினம் மாறவில்லை. அழகுக்காக எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போட்ட அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை தவறான செய்தியைச் சொல்கின்றன. உரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினமும் இனமும் சாய்வெழுத்தில், பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தில் அமைய வேண்டும்.

7. ஐயம் தீராத மீனுக்கு மாதிரி எடுத்து வையுங்கள்

கானாங்கெளுத்திக்கு இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது. சூடை, சாளை போன்ற சிறு மீன் வகைகளிலும் பாரைகளிலும் தேவைப்படும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் தசையில் அரை விரலளவு துண்டு வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள்; அதன் பின்னரே மீனை ஃபார்மலினில் இடுங்கள். ஃபார்மலினில் ஊறிய திசுவிலிருந்து மரபணுவைப் படிப்பது மிகவும் கடினம், முதலில் அதில் இட்டுவிட்டால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்க்க வேண்டும். இது நச்சு; கையுறை, காற்றோட்டம் இரண்டும் இல்லாமல் திறக்காதீர்கள், வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். தூய எத்தனால் தனியாருக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இந்தப் படியைக் கல்லூரி ஆய்வகம் ஒன்றின் துணையோடு செய்வதே சரி. சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பட்டியலில் உள்ள கடற்குதிரை, திமிங்கலச் சுறா, வேளா மீன் போன்றவற்றை, இறந்தவையாக இருந்தாலும், எடுத்து வைத்திருப்பது குற்றம். வலையில் தற்செயலாக வந்ததைத் தருகிறோம் என்று யாரேனும் நீட்டினாலும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் வனத்துறையின் எழுத்துவழி அனுமதியின்றி எதையும் சேகரிக்கக் கூடாது.

படங்களையும் அளவுகளையும் இணைத்து, மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களுக்கோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ, சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையத்துக்கோ எழுதலாம். “இது என்ன மீன்?” என்று மட்டும் கேட்காமல், “இவ்விரண்டு இனங்களில் எது என்று இந்த அடையாளத்தால் ஐயம்” என்று கேட்டால் பதில் விரைவில் வரும். அதற்கும் மூன்று, நான்கு வாரங்கள் ஒதுக்கி வையுங்கள். மரபணுப் பட்டைக் குறியீட்டுச் சோதனை என்பது சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுத் துண்டைப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது. இதற்குக் கட்டணம் உண்டு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஒரு மாதிரிக்கு எவ்வளவு, தோல்வியுற்றால் மறுசோதனைக்குத் தனிக்கட்டணமா, முடிவு எத்தனை நாளில் என்ற மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே அனுப்புங்கள்.

8. பதிவை எழுதி முடியுங்கள்

ஒவ்வொரு மீனுக்கும் இவை இருக்க வேண்டும்: மாதிரி எண், தேதி, ஊர், எவ்வகைப் படகு அல்லது வலை, சொல்லப்பட்ட தமிழ்ப் பெயர்கள் ஊர் வாரியாக, அளவுகள், பார்த்த அடையாளங்கள், அறிவியல் பெயர், அதைச் சரிபார்த்த நாள், படக்கோப்பின் பெயர். பெயர் சொன்னவர்களின் சொந்த விவரங்களை வெளியிடாதீர்கள். “விற்பனையாளர், சென்னை” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இன அளவில் உறுதியாகாத மீனுக்குப் பேரினத்தோடு நிறுத்துவது முறையானதே.

அட்டவணையை வெளியிடுவதற்கு முன் குறைந்தது இரண்டு ஊர்களைச் சேர்ந்த மீனவர்களிடம், படங்களைக் காட்டி, தமிழ்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நூறு பெயர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கடலுக்குப் போகாத நாள் எது என்று கேட்டு அந்த நாளில் போங்கள். அவர்கள் மறுக்கும் பெயரை அழிக்காமல், மறுத்தவரின் ஊரையும் அவர் சொன்ன பெயரையும் அதே வரியில் சேர்த்து எழுதுங்கள்.